கல்லா ஒன்று, கம்பெனி நான்கு: கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழில் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலை. 1990-களில் தந்தை தொடங்கியது. பின்னர் இரண்டு மகன்களும் பாகஸ்தர்களாகச் சேர்ந்தனர். தந்தைக்கு 40 சதவீதம், மகன்களுக்குத் தலா 30. மகள் திருமணமாகி அருகிலேயே இருக்கிறார். அப்போது அவருக்குப் பங்கு எதுவும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு ஆண்டில் இரண்டு, மூன்று மாதங்களே உயிர். மே மாதம் பெங்களூரா ரக மாங்காய்கள் வரத் தொடங்கினால் ஜூலை முடிய இரவு பகல் பாராமல் இயந்திரம் ஓடும். பழத்துக்குப் பணம் உடனே வேண்டும். கூழோ 215 கிலோ டிரம்களில் அடைபட்டு அடுத்த ஆண்டு வரைகூட மெதுவாக விற்கும். ஜூலையில் சிசி கணக்கு (வங்கி வைத்த வரம்பு வரை எடுத்துக் கட்டும் ரொக்கக் கடன்) விளிம்பைத் தொடுவதும் பிப்ரவரியில் ஓரளவு மூச்சு விடுவதும் வாடிக்கை.

இதன் கூடவே இரண்டு தொழில்கள் வளர்ந்தன. பழம் ஏற்றவும், டிரம்களைச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவும் ஆறு லாரிகள். அவை மூத்தவரின் பொறுப்பு. தொழிற்சாலையை ஒட்டி ஒரு குளிர்பதனக் கிடங்கு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் புளி பெரிய வியாபாரம். நிறம் கறுக்காமல் இருக்க வியாபாரிகள் புளியைக் குளிரில் வைப்பார்கள். அந்த வாடகை ஆண்டு முழுவதும் வந்தது. எல்லாம் ஒரே பாகஸ்தர் நிறுவனம், ஒரே பான் எண், ஒரே ஜிஎஸ்டி பதிவு, ஒரே வங்கிக் கணக்கு. எங்கள் அலுவலகம் இவர்களுக்கு ஆலோசனை தந்தது. தணிக்கையை வேறொரு பட்டயக் கணக்காளர் பார்த்தார்.

தொப்பூர் விபத்தும் அது காட்டியதும்

2018 பழப் பருவத்தில் இவர்களது லாரி ஒன்று தொப்பூர் கணவாய் இறக்கத்தில் காரின் மீது மோதியது. காரில் இருந்த ஒருவர் இறந்தார். அந்த லாரியின் காப்பீடு சில நாட்களுக்கு முன்புதான் காலாவதியாகியிருந்தது. பருவ நேரத்தில் வீட்டிலிருந்த அத்தனை பேரும் தொழிற்சாலையில் இருந்தார்கள். புதுப்பிக்க வேண்டிய தாள் மேசையிலேயே கிடந்தது.

காப்பீடு இல்லாததால் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வழியில்லை. வாகன விபத்துத் தீர்ப்பாயம் உரிமையாளரையே கட்டச் சொன்னது. குடும்பத்தில் ஒருவரை இழந்து நின்றவர்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேர வேண்டியதே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பணம் போனது என்பதைப் பார்க்க வேண்டும். மண்டிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் கொடுக்க எடுத்துவைத்திருந்த பணம் போனது. லாரி செய்த தவறுக்கு மாம்பழம் விற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். போச்சம்பள்ளி பக்கத்துத் தோட்டக்காரர் சிலர் அடுத்த ஆண்டு காயை வேறு தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டனர்.

1932-ஆம் ஆண்டு பாகஸ்தர் சட்டத்தில், நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பாகஸ்தரும் முழுப்பொறுப்பு. வீடு, நிலம் எதுவும் விலக்கல்ல. இது இந்தக் குடும்பத்துக்குத் தெரியாத செய்தியல்ல. தெரிந்த செய்தி தொகையாக எதிரே வந்து நின்ற பிறகுதான் தந்தை, "ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம்" என்றார்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது

கம்பெனி பதிவுக்குப் போகும் முன் மூன்று தொழில்களையும் காகிதத்தில் பிரித்தோம். முந்தைய இரண்டு ஆண்டுக் கணக்கை எடுத்து, லாரிகள் தொழிற்சாலைக்கு ஓடிய ஒவ்வொரு நடைக்கும் அப்போதைய சந்தை வாடகையைப் போட்டோம். கிடங்கில் இருந்த சொந்த டிரம்களுக்கும் வெளியாருக்குப் போடும் கட்டணத்தையே போட்டோம்.

லாபம் தருவதாக எல்லோரும் நம்பிய லாரிகள் பருவம் தவிர்த்த மாதங்களில் நஷ்டத்தில் ஓடின. பெரிதாக யாரும் பேசாத கிடங்குதான் புளி வாடகையால் நிலையாகச் சம்பாதித்தது. தொழிற்சாலை நல்ல லாபம் காட்டியதற்கு ஒரு காரணம், லாரி வாடகையையும் கிடங்கு வாடகையையும் அது கொடுக்காமல் இருந்ததே. மூத்தவருக்கு இது கசப்பாக இருந்தது. லாரிகள் அவர் இருபது வயதில் தொடங்கியவை. ஆனாலும் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இந்த வேலை இல்லாமல் கம்பெனிகளாகப் பிரிப்பதில் பயன் குறைவு என்பது என் உறுதியான கருத்து. பெயர்ப்பலகைகள் மூன்றாகும், எது எதைத் தாங்குகிறது என்பது மறைந்தே இருக்கும்.

அமைப்பைத் தேர்ந்தெடுத்தது

தந்தையின் விருப்பம் எளிமையானது: ஆளுக்கு ஒரு கம்பெனி. மூத்தவனுக்கு லாரி, இளையவனுக்குத் தொழிற்சாலை, மகளுக்குக் கிடங்கு. நாங்கள் இதை ஏற்கவில்லை. மூன்றின் வருமானமும் மதிப்பும் சமமல்ல. லாரியும் கிடங்கும் தொழிற்சாலை இல்லாமல் இதே அளவில் நிற்காது. அண்ணன், தம்பி, தங்கை என்று தனித்தனியாக வைத்திருந்தால் முதல் வாடகைத் தகராறிலேயே உறவு முறியும். தொழிற்சாலையை மூன்றாக வெட்ட முடியாது; பங்குகளைப் பிரிக்க முடியும்.

ஆகவே தாய்க் கம்பெனி ஒன்று, அதற்கு முழுச் சொந்தமான துணைக் கம்பெனிகள் இரண்டு என்று முடிவானது. பாகஸ்தர் நிறுவனத்தையே 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் பிரிவு 366-இன்படி 2020-இல் பிரைவேட் லிமிடெட் ஆக மாற்றினோம். இவ்வாறு மாற்றும்போது சொத்துகள் தாமாகவே கம்பெனியின் வசம் சேரும். வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 47 இதற்கு மூலதன ஆதாய வரி விலக்கும் தருகிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு: எல்லாச் சொத்தும் கடனும் கம்பெனிக்குப் போக வேண்டும், பாகஸ்தர்கள் அனைவரும் தங்கள் மூலதன விகிதத்திலேயே பங்குதாரர்கள் ஆக வேண்டும், அவர்கள் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கு வாக்குரிமையில் பாதிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும்.

மேலே வெறும் முதலீட்டுக் கம்பெனி, கீழே மூன்று தொழில் கம்பெனிகள் என்பதே புத்தகம் சொல்லும் அழகான அமைப்பு. பாகஸ்தர்களின் பங்கை உடனே இன்னொரு கம்பெனிக்கு மாற்றினால் மேற்சொன்ன ஐந்தாண்டு நிபந்தனை உடையும் என்பதால் அதைத் தவிர்த்தோம். கூழ்த் தொழிற்சாலையே தாயாக நின்றது. இதில் ஒரு பலவீனம் உண்டு: தொழிற்சாலை வீழ்ந்தால், துணைக் கம்பெனிகளில் அது வைத்திருக்கும் பங்குகள் கடன்காரர் கைக்குப் போகும். லாரியின் ஆபத்திலிருந்து தொழிற்சாலையைக் காப்பதே முதல் நோக்கம் என்பதால் குடும்பம் அதை ஏற்றுக்கொண்டது.

மகளுக்குத் தந்தை தம் 40-இல் 20 சதவீதத்தை மாற்றத்துக்குப் பின் தானமாகக் கொடுத்தார். பழைய பாகஸ்தர்கள் கையில் 80 சதவீதம் இருந்ததால் நிபந்தனைக்குப் பழுதில்லை. தந்தை மகளுக்குத் தரும் தானத்துக்கு மகளிடம் வருமான வரியும் இல்லை.

புதிதாக ஒரு உற்பத்திக் கம்பெனி தொடங்கினால் 115பிஏபி பிரிவில் 15 சதவீத வரி மட்டுமே என்று உறவினர் ஒருவர் ஆசை காட்டினார். ஏற்கெனவே நடக்கும் தொழிலைப் பிரித்து உருவாக்கிய கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது. பழைய இயந்திரங்களும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பேச்சை அங்கேயே முடித்தோம்.

லாரிகள் போக்குவரத்துக் கம்பெனிக்குப் போயின. நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று, ஆர்டிஓ அலுவலகப் பெயர் மாற்றம், பர்மிட் என்று இழுத்தது. கிடங்கின் நிலத்தையும் கட்டடத்தையும் மாற்றவில்லை. அப்போது கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். தாய்க் கம்பெனியே உரிமையாளராக இருந்து, கிடங்குக் கம்பெனிக்கு எழுத்து மூலம் குத்தகைக்கு விட்டது. செலவை மிச்சப்படுத்தச் செய்த இந்த ஏற்பாடு பிறகு வேறு விதத்திலும் கைகொடுத்தது.

நான்காவது கம்பெனி எங்கள் திட்டத்தில் இல்லாதது. வளைகுடா நாடுகளுக்குக் கூழ் ஏற்றுமதி செய்ய இளையவர், தாமும் மனைவியும் மட்டுமே பங்குதாரர்களாக ஒரு கம்பெனி தொடங்கினார். "என் உழைப்பு, என் ஆபத்து, என் கம்பெனி" என்பது அவர் வாதம். தந்தையும் மறுக்கவில்லை. குழுமத்துக்கு வெளியே, ஆனால் குழுமத்தின் சரக்கையே விற்கும் கம்பெனி அது.

வங்கியுடன் நடந்தது

பிரிப்பு முடிந்ததும் வங்கி, தாய்க் கம்பெனியின் சிசி வரம்புக்கு மற்ற கம்பெனிகளும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. வங்கியின் கண்ணில் இது ஒரே குடும்பம், ஒரே கடனாளி. ஆனால் அதற்குச் சம்மதித்தால் எழுப்பிய சுவரில் நாமே கதவு வைத்தது போலாகும். போக்குவரத்துக் கம்பெனியின் ஜாமீனை மறுத்தோம். கிடங்குக் கம்பெனியின் ஜாமீனையும் மறுத்தோம். பதிலுக்கு மூத்தவரின் சொந்த நிலம் ஒன்று கூடுதல் அடமானமாகப் போனது. இயக்குநர்களின் தனிப்பட்ட ஜாமீன் தொடர்ந்தது. வங்கிக் கடனைப் பொறுத்தவரை 'லிமிடெட்' என்ற சொல் இந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்புத் தரவில்லை. விபத்து, வழக்கு, சரக்குத் தகராறு போன்றவற்றுக்கே அது பாதுகாப்பு. இதைத் தந்தைக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டே மேலே நடந்தோம்.

2023 அக்டோபருக்குப் பின் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று தரும் ஜாமீனுக்கு ஜிஎஸ்டி மதிப்பு ஆண்டுக்குத் தொகையில் 1 சதவீதம் என்று விதி வந்தது. ஜாமீன் இல்லாததால் அந்தச் சிக்கலும் இவர்களுக்கு வரவில்லை.

பணம் எந்தத் திசையில் போகலாம்

இந்த நிகழ்வில் மற்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

மே மாதம் தாய்க் கம்பெனிக்குப் பழம் வாங்கப் பணம் வேண்டும். அதே நேரத்தில் கிடங்குக் கம்பெனியிடம் புளி வாடகைப் பணம் இருக்கும். முன்பெல்லாம் ஒரே கணக்கு, கேள்வியே இல்லை. இப்போது அது துணைக் கம்பெனி தாய்க்குத் தரும் கடன். குடும்பக் கம்பெனி ஒன்று, தன்னில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை கொண்ட பங்குதாரருக்குக் கடன் கொடுத்தால், திரண்ட லாபத்தின் அளவு வரை அது 'கருதப்படும் ஈவுத்தொகை'; அதாவது கடனாகப் பார்க்காமல், பங்குதாரருக்குக் கொடுத்த லாபமாகவே எண்ணி வரி போடப்படும். தாய்க் கம்பெனி 100 சதவீதப் பங்குதாரர். ஆக மேலே போகும் கடன் வரியில் மாட்டும். தாய்க் கம்பெனி தன் முழுச் சொந்தத் துணைக் கம்பெனிக்கு, அதன் தொழிலுக்காகக் கடன் கொடுப்பதில் இந்தத் தடை பெரும்பாலும் இல்லை. நிறுவனங்கள் சட்டமும் அனுமதிக்கிறது. மேலிருந்து கீழே பணம் எளிதாக இறங்கும், கீழிருந்து மேலே ஏறாது. இந்தக் குடும்பத்தின் தேவையோ நேர் எதிர்த் திசையில் இருந்தது.

இரண்டு வழிகளைக் கையாண்டோம். முதலாவது குத்தகை. கிடங்குக் கம்பெனி தாய்க்குத் தர வேண்டிய ஆண்டு வாடகையைச் சந்தை அளவில் நிர்ணயித்து, மே முதல் வாரத்தில் முன்கூட்டியே செலுத்துவதாக ஒப்பந்தத்திலேயே எழுதினோம். அது கடனல்ல, உண்மையான வாடகை. ஜிஎஸ்டியும் வரிப்பிடித்தமும் முறைப்படி. இரண்டாவது, முறையாக அறிவித்த ஈவுத்தொகை. 2020 முதல் ஈவுத்தொகைக்கு வாங்குபவர் கையில் வரி. ஆனால் தாய்க் கம்பெனி அதைத் தன் பங்குதாரர்களுக்கு உரிய தேதிக்குள் பகிர்ந்தால் 80எம் பிரிவில் அந்த அளவுக்குக் கழிவு கிடைக்கும். பழம் வாங்கவே பணம் தேவைப்பட்ட குடும்பத்துக்கு இரண்டாவது வழி அதிகம் உதவவில்லை. வாடகையே பெரும்பாலும் தாங்கியது.

அறுபது லட்சம்

2022 செப்டம்பரில் ஏற்றுமதிக் கம்பெனியின் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் பணம் தரவில்லை. சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. தரத்தில் குறை என்று கடிதம் மட்டும் வந்தது. இளையவர் கப்பல் கட்டணமும் சம்பளமும் கட்ட முடியாமல் நின்றார். ஒரு மாலை அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் காலை தாய்க் கம்பெனியின் சிசி கணக்கிலிருந்து அறுபது லட்சம் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போனது. இயக்குநர் குழு கூடவில்லை, தீர்மானம் இல்லை, ஒப்பந்தம் இல்லை.

மாதக் கணக்கைப் பார்க்கும்போது அந்தப் பதிவு கண்ணில் பட்டது. மூத்தவர் சொன்ன பதில் இது: "தம்பி கேட்டான், கொடுத்தேன். இதில் தீர்மானம் எங்கிருந்து வந்தது?" அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அண்ணன் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்தார்; பணம்தான் அவருடையதல்ல. அதில் தங்கையின் 20 சதவீதமும் வங்கியின் கடனும் தோட்டக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கியும் இருந்தன.

சட்டத்தில் இரண்டு இடிகள் ஒன்றாக விழுந்தன. இளையவர் கொடுத்த கம்பெனியில் 30 சதவீதம், வாங்கிய கம்பெனியில் பெரும்பங்கு வைத்திருந்தார். ஆகவே கருதப்படும் ஈவுத்தொகை. தாய்க் கம்பெனியில் அந்த அளவுக்குத் திரண்ட லாபமும் இருந்தது. இரண்டாவது, இயக்குநர் அக்கறை கொண்ட கம்பெனிக்குக் கடன் தர நிறுவனங்கள் சட்டத்தின் பிரிவு 185 சிறப்புத் தீர்மானம் கேட்கிறது. பிரைவேட் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் கடன் வாங்கிய தொகை செலுத்திய மூலதனத்தின் இரு மடங்குக்கும் 50 கோடிக்கும் எது குறைவோ அதற்குள் இருக்க வேண்டும். மாங்கூழ்த் தொழிலில் சிசி கணக்கு அந்த வரம்பைச் செப்டம்பரில் எளிதாகத் தாண்டியிருக்கும், தாண்டியிருந்தது.

மூன்று யோசனைகள் வந்தன. உடனே திருப்பிக் கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது முதலாவது. கடன் கொடுத்த கணத்திலேயே வரி விழுகிறது, திருப்பிக் கட்டினாலும் போகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இலேயே சொல்லிவிட்டது. வியாபார முன்பணம் என்று எழுதலாம் என்பது இரண்டாவது. சரக்கு வாங்குபவர் விற்பவருக்குத் தருவது முன்பணம்; இங்கே விற்பவர் வாங்குபவருக்குக் கொடுத்திருந்தார். முன்தேதியிட்ட தீர்மானம் மூன்றாவது. அதை எழுத மறுத்தோம்.

இறுதியில் இளையவர் அந்தத் தொகையைத் தம் வருமானமாகக் காட்டி வரி கட்டினார். பணம் தவணைகளில் வட்டியோடு தாய்க் கம்பெனிக்குத் திரும்பியது. பிரிவு 185 மீறலைத் தாமே தெரிவித்து, அபராதம் கட்டித் தீர்த்துக்கொள்ள விண்ணப்பித்தனர். வரியைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்று இளையவர் கேட்டபோது, மகள் முதன்முறையாக ஒரு கூட்டத்தில் பேசினார். "அண்ணா, உங்கள் கஷ்டத்துக்கு என் பங்கிலிருந்து கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறேன். கேட்காமல் எடுத்ததுதான் வருத்தம்." அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இளையவர் வரியைத் தாமே கட்டுவதாகச் சொன்னார்.

பின்விளைவுகள்

அதன்பின் கட்டுப்பாடு வந்தது. ஐந்து லட்சத்துக்கு மேல் கம்பெனிகளுக்கிடையே எந்தப் பணமும் இரண்டு இயக்குநர்களின் கையெழுத்தும், எதற்காக என்ற ஒரு பக்கக் குறிப்பும் இல்லாமல் போகாது. நடவடிக்கைக் குறிப்புகளை முதலில் தமிழில் எழுதத் தொடங்கினோம். தந்தை படித்துவிட்டுக் கேள்வி கேட்க முடிந்தது. அவர் கேட்டவை பெரும்பாலும் சரியான கேள்விகள்.

லாரிகள் ஆறிலிருந்து மூன்றாயின. தனிக் கணக்கில் நஷ்டம் ஒவ்வொரு காலாண்டும் பெயர் சொல்லி நின்றபோது மூத்தவரே அந்த முடிவை எடுத்தார். பருவத்தில் வெளி லாரிகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். 2023-24 முதல், சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் 45 நாட்களுக்குள்ளும் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தராவிட்டால் அந்தச் செலவு, பணம் தரும் ஆண்டில்தான் வரிக்கணக்கில் ஏற்கப்படும் என்று 43பி பிரிவு மாறியது. உத்யம் பதிவு (சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற போக்குவரத்துக் கம்பெனிக்குத் தாய்க் கம்பெனி வாடகை பாக்கி வைப்பதும் அதோடு நின்றது.

செலவும் கூடியது. விற்றுமுதல் எவ்வளவு குறைவானாலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் தணிக்கை கட்டாயம். தாய்க் கம்பெனிக்குத் துணைக் கம்பெனிகளையும் சேர்த்த தொகுப்புக் கணக்கும் வேண்டும். இந்தச் சுமையைத் தாங்க முடியாத அளவு சிறிய தொழிலுக்கு இந்த அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். காப்பீட்டைத் தவறாமல் புதுப்பிக்கும் ஒரு பொறுப்பாளர் அவர்களுக்கு முதலில் போதும்.

தோட்டக்காரர்களுக்கான பாக்கி இப்போது பேசிய நாளுக்குள் போகிறது. போச்சம்பள்ளிக்காரர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

இன்று அமைப்பதாக இருந்தால்

மகளை மாற்றத்துக்கு முன்பே பாகஸ்தராகச் சேர்த்திருக்கலாம்; தானமாக வாங்கியவர் என்ற நிலை இல்லாமல் தொடக்கத்திலேயே உரிமையோடு மேசையில் அமர்ந்திருப்பார். கம்பெனிகளுக்கிடையேயான பண விதியைப் பதிவு நாளிலேயே எழுத வேண்டும், அதுவும் ஜூலை மாதத்தின் நெருக்கடியை மனத்தில் வைத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்றுமதிக் கம்பெனியைக் குழுமத்துக்கு வெளியே விடக் கூடாது. அதே சரக்கு, அதே குடும்பம், வேறு பங்குதாரர் என்ற கலவையிலிருந்தே அறுபது லட்சம் பிறந்தது.

2026 ஏப்ரல் முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் இங்கே சொன்ன வரிப் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆவணம் எழுதுபவர்கள் புதிய எண்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றுமதிக் கம்பெனியை உள்ளே கொண்டுவரும் பேச்சு இப்போது நடக்கிறது. 51 சதவீதம் மட்டும் வாங்கினால் இளையவர் கையில் 49 இருக்கும். பழைய சிக்கல் அப்படியே நிற்கும். ஆகவே முழுவதையும் தாய்க் கம்பெனி எடுத்துக்கொண்டு, ஈடாக அவருக்குத் தாய்க் கம்பெனியின் பங்குகளைத் தருவது எங்கள் பரிந்துரை. அதனால் அவரது 30 சதவீதம் எவ்வளவு உயரும் என்பதில் மூத்தவரும் மகளும் இன்னும் ஒப்பவில்லை. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்த பிறகு பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வைப்பதாக மூவரும் எழுதிக் கையெழுத்திட்டுள்ளனர்.